பச்சைப் புள்ளிகள் தொங்கிய மரம்

அந்த சில்வர் ஓக் மரத்தை முதலில் பார்த்தபோது, யாரோ நேர்ந்துகொண்டு கட்டிய பொட்டலங்கள் என்றுதான் நினைத்தேன். பக்கத்திலேயே ஒரு குருசடி இருந்தது. சுண்ணாம்பு உரிந்த சின்னச் சிலுவை, அதன் காலடியில் உருகிப்போன மெழுகுவர்த்திகள். அதனால் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மரத்தண்டில் ஆள் உயரம் வரை ஆணிகள் அடித்திருந்தார்கள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கியது. கவரின் வாயை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தார்கள். காற்று வந்தால் எல்லாம் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தன.

பிறகு ஒரு பொட்டலம் பாட ஆரம்பித்தது.

மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாடிய கவரை அவிழ்த்து, உள்ளேயிருந்த போனைக் காதில் வைத்தார்.

"அலோ. ஆமா, பிலோமினா போனுதான். அவ காய் எடுக்கப் போயிருக்கா. நான் சவரிமுத்து பேசுதேன். நீங்க யாரு, அவ சித்தியா? ஒடம்பு எப்பிடி இருக்கு சித்தி?"

நான் குருசடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மலை ஏறிய களைப்பு அல்ல. நான் எதற்காக அங்கே வந்தேனோ, அந்தக் கேள்விக்கான விடை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது.

வரைபடம் சொன்னது

தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்போன் சிக்னல் எட்டாத ஊர்களுக்கு டவர் வைக்க அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. எந்த ஊருக்கு எட்டவில்லை என்று யாராவது நேரில் போய் அளந்து சொல்ல வேண்டும். அந்த ஒப்பந்தத்தை எடுத்த ஒரு நிறுவனத்தில் நான் இன்ஜினியர்.

முதுகுப் பையில் என்ன இருக்கும் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அளக்கும் கருவி, அதற்கு இரண்டு பேட்டரி, ஆன்டெனா, அட்டைப்பூச்சிக்கு உப்பு, பிஸ்கட், மாற்று சாக்ஸ். இந்த வரிசையில்தான் அடுக்குவேன். கலைந்தால் எனக்குப் பிடிக்காது.

எங்கள் வரைபடத்தில் சிக்னல் உள்ள ஊர் பச்சை, இல்லாத ஊர் சிவப்பு. ஆனைக்கரைக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்குள் இருந்த இந்த லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், முதலில் சிவப்பாக இருந்தது. பிறகு பச்சையாக மாறி, டவர் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. "இங்கே ரேஞ்ச் இல்லை" என்று வார்டு மெம்பர் மனு மேல் மனுவாகப் போட்டார். கேரளத்தில் சிக்னலை ரேஞ்ச் என்றுதான் சொல்வார்கள். சரி, போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

பச்சைக்கு ஆதாரமாக அலுவலகத்தில் காட்டியது பயனாளர் தரவு. ஒரு போன் டவரோடு தொடர்பில் இருக்கும்போது, எந்த இடத்தில் எவ்வளவு பலத்தோடு இருக்கிறது என்பது பதிவாகும். இந்த லயத்தின் வட்டத்துக்குள் மட்டும் புள்ளிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. காலை முதல் சாயங்காலம் வரை, நல்ல பலத்தோடு, அசையாமல்.

அசையாமல். அந்தச் சொல் அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டிய சொல்தான். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் போன் ஏன் நாள் முழுக்க அசையாமல் இருக்கிறது?

எங்கள் ஊட்டு மாட்டுத் தொழுவம்

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றால் போன் கேரளத்து டவரைப் பிடிக்கும். பின்னால் தொழுவத்துக்குப் போனால், தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்று செய்தி வரும். நான் பள்ளியில் படித்த காலத்தில் அதற்கு ரோமிங் கட்டணம் உண்டு. அப்பா போன் வந்தால் மாட்டை விட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடி வருவார்.

"ஏனுங்க, மாடு மட்டும் எந்த ஸ்டேட்டுன்னு கேட்டுச் சொல்லுங்க. பாலை எங்க ஊத்தறதுன்னு தெரியல," என்பார் அம்மா.

காகிதத்தில் போட்ட எல்லையும் காற்றில் இருக்கும் எல்லையும் வேறு வேறு என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதனால்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன் என்று நேர்முகத் தேர்வுகளில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது இதுதான். ஆனால் தொழுவமும் பொய் இல்லை.

இவ்வளவு தெரிந்தும் அந்த மரம் எனக்குத் தோன்றவில்லை.

சவரிமுத்து அண்ணனின் வேலை

லயத்தில் ரேஞ்ச் இல்லை. ஏலச்செடிக்குள்ளும் இல்லை. உச்சியில் அந்த ஒரு மரத்தடியில் மட்டும், தூரத்து மலையில் உள்ள ஒரு டவர் நேராகத் தெரிகிறது. அதனால் காலையில் வேலைக்குப் போகிற வழியில் எல்லாரும் ஏறி வந்து போனை மாட்டிவிடுகிறார்கள். சாயங்காலம் இறங்கும்போது எடுத்துக்கொள்கிறார்கள். பகலில் வந்த செய்திகள், பாங்கியின் ரகசிய எண்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூட அறிவிப்புகள் எல்லாம் அதற்குள் போனில் வந்து சேர்ந்திருக்கும்.

மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் போனதால், சவரிமுத்து அண்ணன் மரத்தடியில் இருந்து அழைப்புகளை எடுக்கிறார். அவசரம் என்றால் பள்ளத்தைப் பார்த்துக் கூப்பிடுவார். செடிக்குள் நிற்கும் பெண்கள் அதை வாங்கி அடுத்த ஆளுக்குக் கடத்துவார்கள்.

"ஒங்க மிசினுல என் குரலையும் அளந்து பாருங்க மேடம்," என்றார். "அஞ்சு கட்டையும் காட்டும்."

"அவசரத்துக்கு மட்டும் பேசச் சொன்னா, இந்த அண்ணன் என் மாமியார்கிட்ட மணிக்கணக்கா பேசுதாரு மேடம்," என்று போன் எடுக்க வந்த பிலோமினா புகார் சொன்னாள். "என்னைப் பத்தி அவுககிட்ட நல்ல விதமா சொல்லுங்கன்னா, 'ரெண்டு பேரு மேலயும் தப்பு இருக்கு'ன்னு தீர்ப்புச் சொல்லியிருக்காரு."

"இருக்குல்லா?" என்றார் அவர்.

நான் கீழே அளக்கப் போனபோது என் போனையும் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்து எடுத்தபோது அம்மா மறுபடி அழைத்தார்.

"ஏங்கண்ணு, ஆரது போன எடுத்தது? நல்ல மனுசனாட்ட இருக்குது. நீ காலீல ரண்டு தோசைக்கு மேல திங்கலைன்னு சொல்றாரு. கண்ணாலத்தப் பத்தி உங்கிட்ட அவரு பேசறேன்னிருக்காரு."

போனை வைத்ததும் சவரிமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார். "பாலக்காட்டுலயும் தமிழா பேசுவாக? அம்மா பேச்சுல ஒரு இழுப்பு இருக்கு, ஆனா நல்லா வெளங்குது."

கீழே, கருவி சொன்னது

உச்சியிலிருந்து லயத்துக்கு இறங்கும் பாதை செங்குத்தாக, ஏலச்செடிகளுக்கு நடுவே போகிறது. ஈர மண்ணும் ஏலத்தட்டையும் சேர்ந்த வாசனை. இறங்க இறங்க, கருவியில் எண்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. முதல் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் திரை வெறுமையாகிவிட்டது.

வரைபடத்தில் இதெல்லாம் ஒரே வட்டம். அதில் மேலே கீழே கிடையாது. உச்சியில் தொங்கும் போன்களை, லயத்துக்குள் சௌகரியமாகப் பேசிக்கொண்டிருக்கும் மக்கள் என்று அது எடுத்துக்கொண்டது. ரேஞ்ச் இல்லாததால் மரத்தில் மாட்டினார்கள். மரத்தில் மாட்டியதால் ரேஞ்ச் இருக்கிறது என்று கணக்காகிவிட்டது.

பையைக் கட்டும்போது பேட்டரியைத் தவறான பக்கத்தில் அடுக்கினேன். அதை நான் செய்வதே இல்லை.

புஷ்பத்தை அந்த வரிசையின் கடைசி வீட்டில்தான் சந்தித்தேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். பால் இல்லாத கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தார். கட்டிலில் அவர் கணவர் அந்தோணி மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுமாம். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது. மலைக்குக் கீழே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். படுக்கை காலியானதும் போன் செய்வார்கள். எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அடுத்தவருக்கும் மூச்சு முட்டத்தானே செய்யும்.

"ஒரு தடவ கூப்பிட்டாக," என்றார் புஷ்பம். "அன்னைக்கு மூடாப்பு. மஞ்சு எறங்குனா மரத்துலயும் ரேஞ்சு போயிரும். மறுநாள்தான் மெசேஜு வந்து விழுந்துச்சு."

அந்தோணி சிரித்தார். "கர்த்தரு கூப்பிடுததுக்கு மட்டும் ரேஞ்சு வேண்டாம் மேடம். அதான் எனக்குப் பயம்."

"வாய மூடுங்க," என்றார் புஷ்பம், அவர் பக்கம் திரும்பாமலே.

ஒரு போன் போதும்

மரத்தடியிலிருந்து என் மேலாளர் பிரமோத் சாரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சொன்னார்: உன் அளவை மட்டும் வைத்தால், கருவியில் கோளாறு என்று மேலே தள்ளிவிடுவார்கள். பயனாளர் தரவும் வெறுமையாக வர வேண்டும். பட்டியல் மூடுவதற்குள் ஒரே ஒரு வாரத் தரவு புதிதாக எடுப்பார்கள். அந்த வாரம் மரத்தில் போன் இருக்கக் கூடாது. இந்தப் பட்டியல் போனால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு போன் மட்டும் இருந்தால், என்று கேட்டேன்.

ஒன்று போதும், பச்சை அப்படியே நிற்கும், என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து எல்லாரும் குருசடியில் கூடியிருந்தபோது இதைச் சொன்னேன். ஒரு வாரம் போனைக் கழற்ற யாருக்கும் தடை இல்லை. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி புஷ்பத்தைப் பார்த்தார்கள்.

"டவரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றாள் பிலோமினா. "இத்தன வருசம் இல்லாம செத்தா போயிட்டோம்? அண்ணன் ஆபரேசன் முடியட்டும்."

"செத்துத்தான் போனாக," என்றார் சவரிமுத்து அண்ணன். "போன மழைக்கு ஆம்புலன்சைக் கூப்பிட இங்க ஏறி வரதுக்குள்ள நம்ம பாக்கியம் போயிட்டா. மறந்துட்டியா?"

மெழுகுவர்த்தி ஒன்று காற்றில் அணைந்தது. ஒருவர் குனிந்து திரும்ப ஏற்றினார்.

புஷ்பம்தான் பேசினார். "போனு எடுபடலைன்னா வேற நம்பருக்குப் போற மாதிரி வைக்கலாம்லா மேடம்?"

வைக்கலாம், என்றேன்.

"அப்ப ஒங்க நம்பருக்கு வச்சிருங்க."

நான் உடனே மறுத்தேன். காரணங்களை வரிசையாகச் சொன்னேன். நான் வெளியாள். என் பேட்டரி தீரலாம். எனக்கு அழைப்பு வந்தாலும் உங்களிடம் சொல்ல வழி இருக்காது, ஜீப்பில்தான் வர வேண்டும், பாதை மோசம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "மரத்த நம்பி ஒரு தடவ விட்டாச்சு. இது ஆளு. ஆளுன்னா ஓடியாவது வரும்."

அவர் போனில் நானே அந்த மாற்றத்தைச் செய்தேன். ஒவ்வொரு ஆணியாகக் காலியானது. கடைசியில் மரம் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல நின்றது.

பிஸி

அந்த வாரம் முழுக்க நான் மலை ஏறக் கூடாது. ஏறினால் என் போனும் செத்துவிடும். ஆனைக்கரை கடைத்தெருவில், லாட்ஜ் அறையின் ஜன்னலோரம் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். குளிக்கப் போனால் போனைக் கவரில் போட்டுக் கதவின் ஆணியில் மாட்டினேன். மாட்டிய பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது.

வாரம் முடியப்போகும் நேரத்தில், ஒரு காலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அந்தோணியுடெ ஆளல்லே?" என்றது ஒரு பெண் குரல். அந்தோணியின் ஆள்தானே என்று கேட்கிறார். நான் தடுமாறினேன். அவருக்கு நான் யார்? "அவங்க வீட்டுக்குச் சொல்லிடுறேன்," என்று மலையாளத்தில் மழுப்பினேன். இன்றைக்கே, சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த பெயர், என்று சொல்லி வைத்துவிட்டார்.

கை தன்னால் புஷ்பத்தின் எண்ணை அழுத்தியது. பிஸி என்று வந்தது.

ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார், போன் வேலை செய்கிறது என்று. அடுத்த கணம் புரிந்தது. அழைப்பு அவரிடம் போகவில்லை. எடுபடாததால் திரும்பி என் எண்ணுக்கே வந்திருக்கிறது. நான் அழைத்துக்கொண்டிருப்பதால், நானே பிஸி.

சவரிமுத்து அண்ணனை அழைத்தேன். பரிதிக்குப் புறத்து என்றது பதிவுக் குரல். பிலோமினாவையும் மெம்பர் தந்த மற்ற எண்களையும் அழைத்தேன். எல்லாம் எல்லைக்கு வெளியே. எங்கள் சோதனை கச்சிதமாக வெற்றி பெற்றிருந்தது. நான் வேண்டியது இதைத்தான். அந்த மொத்த மலையிலும் ஒரு புள்ளிகூடப் பச்சை இல்லை.

அந்த அறையில் நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, சிவப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை காலமும் அதை ஒரு நிறமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அஞ்சு கட்டை

ஜீப் ஓட்டும் ஷாஜி சேட்டன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். மேலே மழை பெய்திருந்தது. ஒரு வளைவில் சக்கரம் சேற்றில் சுற்றியது. நான் இறங்கித் தள்ளினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். சாக்ஸுக்குள் அட்டை ஏறியதை மறுநாள்தான் பார்த்தேன்.

லயத்தில் அந்தோணி மட்டும் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டார்.

"புஷ்பம் எங்கே?"

"காயெடுப்புல. எந்தப் பக்கமுன்னு தெரியல மேடம்."

ஏலக்காடு என்பது ஆளை விழுங்கும் காடு. செடி தலைக்கு மேலே நிற்கும். பத்தடி தள்ளி நிற்பவர்கூடத் தெரியமாட்டார்.

உச்சிக்கு ஓடினேன். போன் இல்லாத மரத்தடியிலும் சவரிமுத்து அண்ணன் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். வேறு எங்கே போவது என்று தெரியாமல்தான் இருந்திருப்பார். எனக்கு மூச்சு வாங்கியது. "ஆஸ்பத்திரி," என்று மட்டும் சொன்னேன்.

அவர் எழுந்து, ஆணியொன்றைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். "புஷ்பம்... ஆஸ்பத்திரீ..."

கீழே எங்கோ ஒரு பெண் குரல் அதை வாங்கியது. இன்னும் தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால், காற்றா குரலா என்று தெரியாத தொலைவில் ஒன்று. பிறகு அமைதி. நான் கருவியின் திரையைப் பார்ப்பதுபோல அந்தப் பச்சைச் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓய்..." என்று பதில் வந்தது.

கூடையைக்கூட இறக்காமல் புஷ்பம் ஏறி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் கையை ஒரு முறை இறுகப் பிடித்து, விட்டார். அவர் விரலெல்லாம் ஏலக்காய்ப் பால் பிசுபிசுத்தது.

ஜீப் இறங்கும்போது, ரேஞ்ச் வரும் வளைவில் அவர் மடியிலிருந்த போன் ஒலித்தது. ஒரு வாரத்தில் முதல் முறை. அவரே எடுத்தார். "வந்துக்கிட்டே இருக்கோம் சிஸ்டர். பக்கத்துல வந்தாச்சு," என்றார். அந்தோணி பின்னால் மூன்று தலையணைகளுக்கு நடுவே சாய்ந்தபடி, "ரேஞ்சு கிடைச்சதும் பொய்யும் வந்துருது. இப்பதான் கிளம்பியிருக்கோம்," என்றார். ஷாஜி சேட்டன் சிரித்ததில் ஜீப் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம்.

அந்தோணியின் ஆள்

அந்த வாரத் தரவு வெறுமையாக வந்தது. லயம் பட்டியலில் திரும்பச் சேர்ந்துவிட்டது. டவருக்கு இடம் பார்த்து நான்கு கல் நட்டிருக்கிறார்கள். இதை எழுதும்வரை அந்தக் கற்கள் மட்டும்தான் இருக்கின்றன. போன்கள் மரத்துக்குத் திரும்பிவிட்டன.

புஷ்பத்தின் போன் மட்டும் மரத்தில் இல்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கும் அந்தோணி அதில் பாட்டுக் கேட்கிறாராம், இப்போது ஒரே தலையணையில் படுத்துக்கொண்டு. ஆகவே புஷ்பத்துக்கு வரும் அழைப்புகள் இன்னமும் என்னிடம் வருகின்றன. மாற்றத்தை நீக்கிவிடலாமே என்றேன். "இருக்கட்டும் மேடம்," என்றுவிட்டார். அதனால் அவர் நாத்தனாருக்கும் சங்கரன்கோவில் பெரியப்பாவுக்கும் நான் பழக்கமாகிவிட்டேன்.

போன வாரம் கொழிஞ்சாம்பாறையில், தொழுவத்துக்கும் கூடத்துக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தபோது அந்தக் குரல் மறுபடி வந்தது. மறுபரிசோதனைக்கு நாள் சொல்ல அழைத்திருக்கிறார்.

"அந்தோணியுடெ ஆளல்லே?"

"அதே," என்றேன். ஆமாம் என்று.

நாளைக் குறித்துக்கொண்டு மரத்தை அழைத்தேன். சவரிமுத்து அண்ணன் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கூப்பிடுவது கேட்டது. ஒரு பெண் அதை வாங்கினாள். இன்னொருத்தி வாங்கினாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

வெகுதூரத்தில், மிக மெல்லியதாக, "ஓய்..." என்று கேட்டது.